பிரமாணம் எடுக்காத ஆறு மணி நேரம்

இந்த உலகத்தில் எந்த மூலையில் எந்த ஜனாதிபதி பதவியேற்றாலும் முதலில் தூக்கம் கெடுவது அந்த நாட்டு மக்களுக்கு இல்லை. கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் பிரமாணத்துக்குத்தான். பதவியேற்கிறவர் கோட்டு போட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்பார். இங்கே இவருக்கு டீ வேட்டியில் சிந்தும்.

பிரமாணம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பாக்கியம் இன்னும் கொழுந்து எடுக்கப் போவதால் லயத்து வீடு கையில் இருந்தது. யாராவது எங்கேயாவது புதிதாக ஒரு பொறுப்புக்கு வந்துவிட்டால் இவர் கேட்கும் முதல் கேள்வி, "பிரமாணம் எடுத்தாச்சா?" கோயில் கமிட்டித் தலைவரைக் கேட்டார். எஸ்டேட்டுக்குப் உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்ன துரையைக் கேட்டார். மினி பஸ்ஸுக்கு டிரைவர் மாறியபோது படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, "தம்பி, பிரமாணம் எடுத்தாச்சா? பிரேக்கப் பார்த்தாச்சா?" என்று கேட்டார். தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுவிட, பெண் வீட்டார் பயந்துபோய் ஜாதகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

நான் அப்போது அந்த ஊராட்சியில் செயலர். என் ஆபீசுக்கு எதிரே போஜன் அண்ணன் டீக்கடை. கடை டிவிதான் பிரமாணத்தின் நாடாளுமன்றம்.

மகள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய பொது அறிவுப் புத்தகத்தை இவர் எடுத்துப் படித்திருக்கிறார். மகள் தேர்வு எழுதி, திருப்பூரில் வேலைக்கும் போய்விட்டாள். இவர் அந்தப் புத்தகத்திலிருந்து வெளியே வரவில்லை. நம் நாட்டு ஜனாதிபதி ஜூலை இருபத்தைந்தாம் தேதி பதவியேற்கிறார், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பிரமாணம் செய்து வைக்கிறார், அவர் இல்லாவிட்டால் அடுத்த மூத்த நீதிபதி. இதெல்லாம் நமக்கு ஒரு மார்க் கேள்வி. அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

"பழைய ஜனாதிபதியும் புது ஜனாதிபதியும் ஒரே வண்டியில வாராங்க பிள்ள. வண்டி மக்கர் பண்ணிச்சுன்னா?" என்பார் என்னிடம். என்னை அவர் 'பிள்ள' என்றுதான் கூப்பிடுவார். "பிரமாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் நாற்காலி மாறி உக்காருறாங்களே, கவனிச்சிருக்கியா? எழும்பினதுக்கும் உக்காந்ததுக்கும் நடுவுல ஒருத்தர் தடுக்கி விழுந்துட்டா?"

"அப்பவும் புது ஜனாதிபதி ஜனாதிபதிதான் அண்ணா. பிரமாணம்தான் முடிஞ்சிருச்சே."

"அது நமக்குத் தெரியும். நாற்காலிக்குத் தெரியணுமே?"

ஒரு ஜூலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிவியில் புது ஜனாதிபதி எழுந்து, காகிதத்தைப் பிடித்து, வாயைத் திறந்த நேரத்தில் கரண்ட் போனது. கடையில் மற்றவர்கள் வடையைப் பார்த்தார்கள். பிரமாணம் மட்டும் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். அரவேணு கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்த கடை ஒன்று உண்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, "முடிஞ்சிருச்சு. இருபத்தொரு குண்டும் போட்டாங்க. நாட்டுக்கு ஆள் இருக்கு" என்று அறிவித்தார். போஜன் அண்ணன் அவருக்கு ஒரு சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "இத்தன நேரமா இல்லாமலா ஓடுச்சுங்க நாடு?" என்றார்.

வெளிநாட்டுச் சங்கதிகள் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஜனவரி இருபது நண்பகல் பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டுதான். பழையவர் பதவி அந்த நொடியில் தீர்ந்துவிடும். பிரமாணம் வெறும் முப்பத்தைந்து வார்த்தை. அதிலும் ஒருமுறை நீதிபதி ஒரு வார்த்தையை இடம் மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட, எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் வைத்து மறுபடி எடுத்தார்களாம். "அந்த ஒரு நாளு?" என்று கண்கள் விரியக் கேட்பார். இன்னொருவர் விமானத்துக்குள் எடுத்தார். இன்னொருவருக்குப் பெற்ற தகப்பனே மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் செய்து வைத்தார். வேறொருவர் கடுங்குளிரில் மேல்கோட்டு இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசி, ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் பக்கம் பொறுப்புக்கு வருகிற எல்லோருக்கும் பிரமாணம் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிவிடுவார்.

பிரான்ஸில் ஜனாதிபதி பிரமாணமே எடுப்பதில்லை, ஜெயித்ததை அறிவிப்பதோடு சரி என்று நான்தான் வாய் தவறிச் சொன்னேன். இரண்டு நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பாக்கியம் அக்கா கொழுந்துச் சாக்கோடு வந்து ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, அந்தப் பிரான்ஸுக்காரங்களை எப்படியாச்சும் ஒரு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. இவரு ரெண்டு நாளா சோறு திங்கல."

கொழும்பில் பதவியேற்பு என்றால் மட்டும் பிரமாணம் எதுவும் பேசமாட்டார். டீயைக் கையில் வைத்திருப்பார்; குடிக்கமாட்டார். அது என்ன என்று நான் கேட்டதில்லை. அவர் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எஸ்டேட்டில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தாம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் தானே பிரசிடெண்ட் ஆகிவிட்டார். நாட்டுக்கு இல்லை, எங்கள் பஞ்சாயத்துக்கு. பதவியின் பெயர் ஊராட்சி மன்றத் தலைவர். ஆனால் மலையில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிரசிடெண்ட் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சில வருஷமாகத் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஒருவர் பொறுப்பில் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இதுபோல் இன்னும் பல பஞ்சாயத்துகள். லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் மண் சரிவில் உடைந்து கிடந்தது. பெண்கள் காட்டுமாடு இறங்கும் ஓடையில்தான் தண்ணீர் மொண்டார்கள். மனு மேல் மனு போனது. 'புதிய மன்றம் வந்ததும் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. ஆகவே தேர்தல் அறிவிப்பு வந்தபோது ஊரே சிலிர்த்துக்கொண்டது.

போஜன் அண்ணன் வார்டு உறுப்பினருக்கு நின்றார். பிரசிடெண்ட் பதவிக்கு அவர் பக்கத்து ஆள் ஒருவர் மனுப் போட்டார். மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடி ஆனால் இன்னொரு ஆள் வேண்டுமே என்று, போஜன் அண்ணன்தான் மாற்று வேட்பாளராக பிரமாணத்தை இழுத்துப்போய் மனுப் போட வைத்தார்.

"சும்மா பேருக்குத்தானுங்க. ரெண்டு நாள்ல வாபஸ் வாங்கிக்கலாம்."

மெயின் ஆளின் மனுவில் வாக்காளர் பட்டியல் எண் தப்பு. தள்ளுபடி. செய்தி கேட்டதும் பிரமாணம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையிலேயே வாபஸ் வாங்கப் போனார். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதைத் தப்பில்லாமல் நிரப்ப வேண்டும் என்று நாலு முறை படித்தார். ஒரு எழுத்து கோணலாகிவிட்டது என்று இன்னொரு படிவம் வாங்கினார். இரண்டாவது படிவத்தில் மை பரவியது. மூன்றாவது படிவத்தை முத்து முத்தாக எழுதி, ஊதி உலர்த்தி, எழுந்து நீட்டியபோது மணி மூன்று ஐந்து. கெடு மூன்றோடு முடிந்துவிட்டது.

தேர்தலில் அவர் ஜெயித்ததற்கு ஒரே காரணத்தைத்தான் ஊரில் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதன் ஊர்ச் சொத்தில் கை வைக்கவும் பயப்படுவான். நல்ல வாதம்தான். எதிர்த்து நின்றவர்கூட அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை, ஆனால் அவர் அதை மறுத்ததாகவும் தெரியவில்லை.

முடிவு வந்ததற்கும் பதவியேற்புக்கும் நடுவில் இருந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்பது எனக்கே தெரியாது. உறுதிமொழி வாசகத்தை ஒரு தாளில் நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். தினமும் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். காரத்தை நிறுத்திவிட்டார். குரல் கெட்டுவிடுமாம். வெந்நீர் ஃபிளாஸ்க் இடுப்பிலேயே இருந்தது.

"பிள்ள, இந்த எடத்துல மூச்சு விடலாமா?"

"எங்க வேணா விடுங்கண்ணா."

"'இறையாண்மை'ன்னு வருதே. நாக்கு சுருண்டு 'இறையாமை'ன்னு சொல்லிட்டா, நான் ஆமையா ஆயிருவேனா, பிரசிடெண்ட் ஆவேனா?"

வாசகத்தில் 'ஆண்டவன் பெயரால்' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். எதைச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தார். கோயிலுக்குப் போனார், வந்தார். நாலாம் நாள் தீர்மானமாகச் சொன்னார்.

"உளமாரன்னே சொல்லிர்றேன் பிள்ள. தப்பு நடந்தா சாமி கால்ல விழுந்து சமாளிச்சிரலாம். மனசுகிட்ட எங்க போய் விழுறது?"

நான் சிரிக்கவில்லை. அவருடைய பயம் எனக்கும் தொற்ற ஆரம்பித்திருந்தது. இரண்டு முறை கனவில் நானே வாசகத்தை மறந்து நின்றேன். எனக்கு அதில் வேலையே கிடையாது. தாளை நீட்டுவது மட்டும்தான்.

அந்த நாள் வந்தது. மார்கழிப் பனி. காலை பத்து மணிக்கு விழா. வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்து செய்து வைக்க வேண்டும். ஆபீஸ் முன்னால் நாற்காலி போட்டு, ஒரு மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, போஜன் அண்ணன் கேசரி கிளறி வைத்திருந்தார். பிரமாணம் வெள்ளை வேட்டி, இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், குல்லா சகிதம் ஒன்பதுக்கே வந்துவிட்டார். மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

பத்து மணிக்கு அலுவலர் வரவில்லை. போன் வந்தது. அன்று ஒரே நாளில் அவருக்கு நாலு பஞ்சாயத்து, எங்களுடையது கடைசி, மதியம் ஆகிவிடும். சரியாக அதே நேரத்தில் என் மொபைலில் தனி அலுவலரின் வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தது. ஒரு பூங்கொத்துப் படம். கீழே, 'என் பொறுப்பு இனிதே நிறைவுற்றது. புதிய தலைவருக்கு வாழ்த்துகள்.' பாவம், பத்து மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நான் அதை பிரமாணத்திடம் காட்டியிருக்கக் கூடாது.

"அவரு போயிட்டாரா?"

"போயிட்டார்னு இல்லண்ணா, வாழ்த்துதான்..."

"பொறுப்பு நிறைவுற்றதுன்னு எழுதிட்டாரே. அவரு போயாச்சு. நான் இன்னும் வரல." குரல் இறங்கிப்போனது. "இப்ப ஊருக்கு யாரு?"

நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். ஆபீஸுக்குள்ளே கால் வைக்க மறுத்துவிட்டார். ரோட்டில் மேலும் கீழும் நடந்தார். யாராவது "வணக்கம் பிரசிடெண்ட்" என்றால், "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று கையை ஆட்டினார். பதினோரு மணிக்கு நான் அலுவலருக்கு மறுபடி போன் செய்தேன். இரண்டாவது பஞ்சாயத்தில் இருந்தார். எங்கே பார்த்தாலும் மாலை போடுகிறார்கள், பேசுகிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவரும் அழாத குறை.

பன்னிரண்டுக்குச் சற்று முன் அந்தச் சத்தம் கேட்டது.

ஆபீஸுக்குக் கீழே ஒரு வளைவு உண்டு. தேயிலைக் காட்டிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை அங்கேதான் ரோட்டில் சேரும். அந்த வளைவில் மண் அரித்துச் சாய்ந்து நின்ற ஒரு கரண்ட் கம்பம். தேயிலைக்குள்ளிருந்து வந்த காட்டுமாடு ஒன்று, ஆயிரம் கிலோ இருக்கும், நிதானமாக அந்தக் கம்பத்தில் முதுகைச் சொறிந்திருக்கிறது. கம்பம் இன்னும் சாய்ந்து, மேலே ஒரு கம்பி அறுந்து, பட்டென்று ஒரு நீலப் பொறி. மாடு மிரண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. அறுந்த கம்பி தரையைத் தொடாமல், பாதையின் குறுக்கே சரியாக ஆள் தலை உயரத்தில் தொங்கியது. பனியில் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை.

பறித்த கொழுந்தை எடை போடும் பகல் நிறுவைக்கு ஆள் இறங்கும் நேரம் அது. தலையில் கொழுந்துச் சாக்குடன் இருபது பெண்கள் அந்தப் பாதையில் வந்துகொண்டிருப்பார்கள்.

எல்லோரும் பிரமாணத்தைப் பார்த்தார்கள். "என்ன செய்யலாம், சொல்லுங்க பிரசிடெண்ட்" என்றார் ஒருவர்.

"நான் இன்னும் பிரசிடெண்ட் இல்ல!" என்று கத்திக்கொண்டே அவர் ஓட ஆரம்பித்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், இரண்டு ஸ்வெட்டரோடு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கம்பிக்குப் பத்தடி மேலே பாதையில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். பனிக்குள்ளிருந்து முதலில் வந்தவர் பாக்கியம் அக்கா.

"ஏனுங்க, இன்னிக்குப் பதவியேற்பு. நீங்க ரோட்டுல கைய விரிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"நில்லு பாக்கியம். ஒரு எட்டு வைக்காத."

"சாக்கு கனக்குதுங்க."

"கீழ போடு. கனக்கும்னா போட்டுட்டு நில்லு. பின்னால வாரவளுகளையும் நிப்பாட்டு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, திரும்பி நின்று, மலை அதிரக் குரல் கொடுத்தார். இருபது பேரும் நின்றார்கள். பிரமாணம் அவர்களைத் தேயிலைக்குள் மேற்குப் பக்கமாகச் சுற்றி அனுப்பினார். ரோட்டின் இந்தப் பக்கம் கேசரிக் கரண்டியோடு போஜன் அண்ணன் வண்டிகளை நிறுத்தினார்.

நான் கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். எங்கள் மலையில் சிக்னல் என்பது பனி மாதிரிதான், வரும், போகும். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அந்த முனை, "சரிங்க மேடம், லைனை ஆஃப் பண்ணி..." என்றது. அதோடு கட் ஆகிவிட்டது.

வளைவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆஃப் பண்ணியாச்சாம்ணா!"

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"ஆஃப் பண்ணி... அதுக்கப்புறம் கட்டாயிருச்சு."

"பண்ணிட்டோமா, பண்ணிடுறோமா?"

நான் மறுபடி அந்த எண்ணை அழுத்தினேன்; போகவில்லை.

"முக்காவாசி வார்த்தையை நம்பி ஒரு உசுரைக் கடக்க விட முடியாது பிள்ள" என்றார். மறுபடி கையை விரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சிக்னல் வரவே இல்லை. கரண்ட் ஆபீசுக்கு நேரில் சொல்ல பைக்கில் ஓர் ஆளை அனுப்பினோம். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. பனி ஏறியது. உள்ளூர் ஆட்கள் "நாங்க நிக்கறோம், நீங்க போய் உக்காருங்க" என்றார்கள். இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தார். ஒருவன் உடனே மொபைலை எடுத்துத் தொங்கும் கம்பியைப் படம் பிடிக்கப் பக்கத்தில் போனான். பிரமாணம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரும்பத் தானே நின்றுகொண்டார். அப்புறம் அந்த இடத்தை யாரிடமும் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு நான் தேயிலைக்குள் சுற்றிப் போய் அவருக்கு டீ கொடுத்தேன். அவர் உதடு வெளுத்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்ணா இப்படிப் பயப்படறீங்க? எதுக்கெடுத்தாலும் நடுவுல என்ன ஆகும், நடுவுல என்ன ஆகும்னு."

அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப எனக்குப் பத்து வயசு. ஆபீஸர் எங்கப்பா பேரைப் புஸ்தகத்துல கோடு போட்டு வெட்டினதைப் பார்த்தேன். கப்பல் கௌம்பிருச்சு. அப்பாவைக் கேட்டேன், இப்ப நாம எந்த நாட்டு ஆளுன்னு. அங்க பேரை வெட்டிட்டாங்க, இங்க இன்னும் சீல் வைக்கல, கதைக்காம இருன்னாரு." ஒரு மிடறு டீ குடித்தார். "எந்தங்கச்சி கைக்குழந்தை. காய்ச்சல். கப்பல்ல அதுக்கு வலிப்பு வந்துச்சு. அம்மா யாருகிட்டப் போய்க் கேக்குறதுன்னு தெரியாம இங்கயும் அங்கயும் ஓடுனாங்க. எல்லாரும் ராமேஸ்வரம் வரட்டும், ராமேஸ்வரம் வரட்டும்னாங்க."

"அப்புறம்?"

"பொழைச்சிருச்சு. இப்ப குன்னூர்ல இருக்கு. பேரன் எடுத்தாச்சு." கிளாசைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா அந்த ரெண்டு மூணு மணி நேரம், பிள்ள, எங்களுக்குன்னு ஒருத்தரும் இல்ல."

நான் கிளாசை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றே முக்காலுக்கு அலுவலரின் ஜீப் வந்தது. மூன்று பஞ்சாயத்து மாலைகளின் சாமந்தி இதழ்கள் சட்டையில் ஒட்டியிருக்க, தொண்டை கட்டிய நிலையில் இறங்கினார்.

"எங்கம்மா பிரசிடெண்ட்?"

"ரோட்டுல நிக்கறார் சார்."

வளைவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அலுவலர் கெஞ்சினார். "அஞ்சு நிமிஷங்க ஐயா. மேல வந்து எடுத்துட்டு மறுபடி வந்து நில்லுங்க."

"ஸ்கூல் பிள்ளைங்க வர்ற நேரம் சார். அஞ்சு நிமிஷத்துல அம்பது பேர் கடந்துருவாங்க. எடத்த விட்டு வர முடியாது."

"இருட்டறதுக்குள்ள எடுத்தாகணுங்க!"

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் சுற்றறிக்கையை எடுத்து மேலிருந்து கீழே படித்தேன். உறுதிமொழி எடுக்க வேண்டும், இன்னார் முன்னிலையில் எடுக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கூரைக்கு அடியில் என்று ஒரு வரியும் இல்லை.

"விமானத்துல எடுத்திருக்காங்க சார்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வார்டு உறுப்பினர்கள் இறங்கி வந்தார்கள். ஜீப்பின் பானெட்டில் பதிவேட்டை விரித்தோம். பெண்கள் தேயிலைக்குள் வரிசையாக நின்றார்கள். நான் சுற்றிப் போய் அவர் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய இரண்டு கையும் விரிந்தே இருந்தன. அலுவலர் கட்டிய தொண்டையால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, பிரமாணம், "நான்..." என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "யாரு அது?" என்று ஒரு குரல் கேட்டது. அவருடைய நிஜப் பெயரை ஊரில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

குரல் நடுங்கவில்லை. உளமார என்றார். அரசமைப்பு என்றார். நம்பிக்கையும் பற்றும் என்றார். இறையாண்மையை நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்பார்த்திருந்தேன். அதை முழுசாக, ஆமை கலக்காமல் சொன்னார். கடைசி வரிக்கு வந்துவிட்டோம்.

அப்போது மேலே தேயிலைக்குள்ளிருந்து, நடப்பது எதுவும் தெரியாமல், ஒரு வயதான அம்மாள் விறகுக் கட்டோடு நேராகப் பாதைக்கு இறங்கினார்.

"ஏய்! நில்லு! நில்லுன்னா நில்லு! அங்கிட்டுப் போ!" பிரமாணம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்தார். அம்மாள் பயந்து விறகைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பி இரண்டு முழம்.

அலுவலர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, இதெல்லாம் உறுதிமொழில வராதுங்க. முதல்லேருந்து போகணும்."

உலகத்து ஜனாதிபதிகள் எல்லோருக்காகவும் வாழ்நாள் முழுக்க எதைப் பயந்தாரோ, அது அவருடைய பிரமாணத்திலேயே நடந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "சரிங்க சார்" என்று திரும்பி நின்று, கையை விரித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை தாளைப் பார்க்கவே இல்லை. முடித்தார். பதிவேட்டைச் சுற்றி எடுத்து வந்து நீட்ட, ஒரு கையை விரித்தபடியே மறு கையால் கையெழுத்துப் போட்டார். மணி நாலு.

யாரும் கைதட்டுவதற்குள் பைக் சத்தம். லைன்மேன் வந்து இறங்கினார். தடியோடு கம்பி பக்கம் போனவர் சட்டென்று பின்வாங்கி, சிக்னல் தேடி மேட்டில் ஏறி, போனில் யாரிடமோ கத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். அவர் முகத்தில் ரத்தமில்லை.

"ஏனுங்க, இதுல இதுவரைக்கும் கரண்ட் ஓடிட்டுத்தான் இருந்துருக்குது. பண்ணிடறோம்னுதான் சொன்னாங்களாம். ஆளு வந்து பார்த்ததுக்கப்புறம் நிறுத்தலாம்னு இருந்துட்டாங்க. இப்பத்தான் நிறுத்தச் சொன்னேன்."

பாக்கியம் அக்கா மெல்லப் போய்க் கணவரின் விரிந்த கைகளில் ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கினார். மற்றதையும் இறக்கினார். அதற்குப் பிறகுதான் பிரமாணம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிரசிடெண்டாக அவர் போட்ட முதல் உத்தரவு தரையில் உட்கார்ந்தபடிதான் வந்தது.

"லயத்துல எல்லாரும் வந்து சேர்ந்துட்டாங்களான்னு எண்ணிப் பாருங்க."

எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள். கேசரி கல்லாகியிருந்தது; உடைத்துத் தின்றோம்.

குழாய்த் தீர்மானம் முதல் கூட்டத்திலேயே போட்டார். தண்ணீர் வந்த அன்று குழாயடியில் நின்று, "நின்னுட்டா?" என்று எல்லோரையும் கேட்டு அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்தார். ஐந்து வருஷமும் அப்படித்தான் போனது. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படிப்பார். நான் ஆபீசிலேயே ஒரு தலைகாணி வைத்துக்கொண்டேன் என்று போஜன் அண்ணன் சொல்லித் திரிந்தது பொய்; அது சின்ன குஷன்தான்.

அவர் காலம் முடிந்த சில மாதத்தில் எனக்கு மஞ்சூர் வழியில் பிக்கட்டிப் பக்கம் ஒரு ஊராட்சிக்கு மாற்றல் வந்தது. கணவர் வேலையை ஒட்டி நானே கேட்டு வாங்கியது. கிளம்பும் நாள் காலை, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் குல்லாவும் மப்ளருமாக பிரமாணம்.

"நீங்க எங்கண்ணா?"

"ஊட்டியில ஒரு சோலி இருக்கு பிள்ள."

வழியெல்லாம் என் மாற்றல் உத்தரவு பையில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்க்கச் சொன்னார். ஊட்டியில் இறங்கியதும் மஞ்சூர் பஸ்ஸைத் தேடிப் பிடித்தார். டிரைவர் பக்கம் போய் ஏதோ விசாரித்துவிட்டு வந்தார். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, பை மேலே ஏறியதைப் பார்த்து, பஸ் நகர்ந்து திரும்பும்வரை அங்கேயே நின்றார். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் நேராக எதிர்ப்பக்கம் நடந்துபோய், கிளம்ப நின்ற கோத்தகிரி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஊட்டியில் என்ன சோலி என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் பாவம், இரண்டாவது முறையாக ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.